கடிகாரம் நீந்துமா?

சித்திரை மாதம் பிறந்துவிட்டால் தாம்பரத்துவாசிகளுக்கு இரண்டு கவலைகள் வந்து சேரும். கிணற்றிலும் ஆழ்குழாயிலும் ஆனி மாதம் வரையில் தண்ணீர் இருக்குமா என்பது ஒன்று. பள்ளிக்கூடத்தை மூடிவிட்ட பிறகு வீட்டிலிருக்கும் பிள்ளைகளை என்ன செய்வது என்பது மற்றொன்று. முதல் கவலைக்குப் பரிகாரம் வருண பகவானுடைய கையில் இருக்கிறது. இரண்டாவது கவலைக்கு மட்டும் நமது தென்சென்னைப் புறநகர்க்காரர்கள் ஒரு நல்ல பரிகாரம் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதுதான் நீச்சல்.

1995-ஆம் ஆண்டில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் நடந்தபோது வேளச்சேரியில் பெரிய நீச்சல் வளாகம் ஒன்று அமைத்தார்கள். கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாக வேளச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் கோடை விடுமுறையில் ஏறிப் பாருங்கள். துவாலையும் கையுமாக நாலு பிள்ளைகளையாவது பார்க்கலாம். அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் கீழேயே சிறு குளம் கட்டியிருக்கிறார்கள். இன்னும் தைரியம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நீலாங்கரைக்கும் கோவளத்துக்கும் போய்க் கடலிலேயே இறங்கிவிடுகிறார்கள்.

இப்படிப் போகிறவர்கள் மாற்றுடை மறப்பதில்லை, தலைக்குல்லாய் மறப்பதில்லை, கண்ணுக்குக் கண்ணாடியும் மறப்பதில்லை. கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பற்றித்தான் யாரும் ஒரு நிமிஷம் நின்று யோசிப்பதில்லை. கேட்டால், "அதற்கென்ன? அது தண்ணீர் புகாத கடிகாரம்!" என்று பதில் வரும். அந்த ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதை எங்கள் குடும்பம் 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் தெரிந்துகொண்டது.

வெள்ளத்தை வென்ற கடிகாரம்

என் தகப்பனார் ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்தவர். ரயில்வேக்காரருக்குக் கடிகாரம் கட்டாத கை வெறுங்கைதான். 2011-இல் அவர் ஓய்வு பெற்றபோது கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் பணம் போட்டு ஒரு கைக்கடிகாரம் வாங்கிப் பரிசளித்தார்கள். அதன் முதுகுப்புறத்தில் '50 மீட்டர்' என்று பொறித்திருந்தது. அது எந்தக் கம்பெனியின் கடிகாரம் என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியை நம் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. முடிச்சூரில் தனியாக இருந்த என் அத்தையை அழைத்து வருவதற்காக அப்பா மார்பளவுத் தண்ணீரில் நடந்து போனார். அத்தையுடன் திரும்பியும் வந்தார். அன்று வீட்டிலிருந்த கைபேசிகள் எல்லாம் உயிரை விட்டன. அப்பாவின் கடிகாரம் மட்டும் ஒரு விநாடியும் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. அன்று முதல் அதற்கு எங்கள் வீட்டில் 'வெள்ளத்தை வென்ற கடிகாரம்' என்று பெயர் வந்துவிட்டது.

2024-இல் என் அண்ணாவின் பிள்ளை பத்தாம் வகுப்பில் தேறினான். தாத்தா தம் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் கட்டினார். அந்தப் பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை. நீச்சல் வகுப்புக்கும் அதைக் கட்டிக்கொண்டே போனான். வெள்ளத்தையே வென்ற கடிகாரத்துக்கு ஆள் உயரக் குளம் எம்மாத்திரம்?

நாலாம் நாள் சாயங்காலம் அவன் தாழ்வாரத்து மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"சித்தப்பா, கண்ணாடிக்குள்ளே புகை மாதிரி இருக்கிறது. துடைத்தால் போகமாட்டேன் என்கிறது" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். புகை வெளியில் இல்லை, உள்ளே இருந்தது. மறுநாள் காலையில் முட்கள் நாலு மணி பத்து நிமிஷத்தில் நின்றுபோயிருந்தன.

தாம்பரம் மார்க்கெட்டுப் பக்கத்துச் சந்து ஒன்றில் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். உள்ளே செம்பழுப்பாகத் துரு பூத்திருந்தது. மூடியின் விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தைக் குறட்டினால் தூக்கினார். அது காய்ந்த வற்றலைப்போல் இரண்டாக ஒடிந்தது.

"பேட்டரி எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டார்.

"போன வருஷம். அதற்கு முன்னால் இரண்டு தடவை மாற்றியிருக்கிறோம்."

"வாஷர் மாற்றச் சொன்னீர்களா?"

அப்படி ஒன்று கடிகாரத்துக்குள் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதைச் சொல்லிவிட்டு, "ஆனால் பின்னால் 50 மீட்டர் என்று போட்டிருக்கிறதே, ஐயா!" என்றேன்.

பெரியவர் சிரித்தார். "சார், அது பிறந்த தேதி மாதிரி. பிறந்த அன்றைக்குக் குழந்தை திடமாயிருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்பதை அதைப் பார்த்துச் சொல்ல முடியுமா?"

அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையின் விரிவுரைதான் இந்தக் கட்டுரை.

கழுத்தில் தொங்கிய விளம்பரம்

கைக்கடிகாரம் தண்ணீரைத் தாங்கும் என்ற நம்பிக்கை உலகத்தில் எப்படிப் பரவிற்று என்பது ஒரு சுவையான கதை. 1926-இல் ரோலெக்ஸ் கம்பெனியார் 'ஆய்ஸ்டர்' என்ற கடிகாரத்தைச் செய்தார்கள். ஆய்ஸ்டர் என்றால் சிப்பி. சிப்பி வாயை மூடிக்கொள்வது போல, இதன் பின்மூடியும் சாவி கொடுக்கும் திருகும் மறையிட்டு இறுக மூடிக்கொள்ளும்.

மறு வருஷம், 1927 அக்டோபர் 7-ஆம் தேதி, மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். பிரிட்டிஷ் பெண்களில் இந்தக் காரியத்தைச் சாதித்த முதல்வர் அவரே. ஆனால் சில நாட்களுக்குள் வேறொரு பெண்மணி தாமும் கடந்ததாகப் பொய் சொல்லி அகப்பட்டுக்கொள்ளவே, கிளைட்ஸின் பேரிலும் ஜனங்களுக்குச் சந்தேகம் விழுந்தது. ரோஷமுள்ள அந்தப் பெண், "மறுபடியும் நீந்திக் காட்டுகிறேன்" என்று அதே மாதம் 21-ஆம் தேதி கடலில் இறங்கினார். ரோலெக்ஸ் கம்பெனியின் தலைவர் ஹான்ஸ் வில்ஸ்டார்ப் ஒரு ஆய்ஸ்டர் கடிகாரத்தை அவருக்குக் கொடுத்திருந்தார். அதை அவர் கழுத்தில் கட்டிக்கொண்டிருந்தார்.

குளிர் பொறுக்க முடியவில்லை. பத்து மணி நேரத்துக்கு மேல் போராடிய பிறகு, கரை சேருமுன்பே அவரைப் படகில் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். நீந்தியவர் தோற்றார், கழுத்திலிருந்த கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் 24-ஆம் தேதி லண்டன் 'டெய்லி மெயில்' பத்திரிகையின் முதல் பக்கம் முழுவதும் அந்தக் கடிகாரத்தின் விளம்பரம் வந்தது. அதன் பிறகு தண்ணீரில் அமிழ்ந்தும் ஓடும் கடிகாரத்தைப் பற்றி உலகத்தில் பேச்சுக்குக் குறைவில்லை.

அந்தக் கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று கடலில் இறங்கியது புத்தம் புதிய கடிகாரம். பத்து வருஷம் வெயிலிலும் வியர்வையிலும் கிடந்து, மூன்று தடவை மூடியைத் திறந்து மூடிய கடிகாரம் அன்று!

30 மீட்டர் என்றால் என்ன?

கடிகாரத்தின் முதுகில் 30 மீட்டர், 50 மீட்டர், 100 மீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்து, "அவ்வளவு ஆழத்துக்கு நான் எங்கே போகப் போகிறேன்?" என்று நினைப்பது இயல்பு. சிலவற்றில் மீட்டருக்குப் பதிலாக 3 பார், 5 பார் என்று இருக்கும். பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார். ஆகவே இரண்டும் ஒரே கணக்குத்தான்.

வேகமாகக் கையை வீசி நீந்தினால் அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு சரியல்ல என்று தெரியும். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கை தண்ணீரைத் தள்ளினால், அதனால் கூடும் அழுத்தம் அரை மீட்டர் ஆழத்துக்குக்கூடச் சமமாகாது. பத்து மீட்டர் உயரத்துப் பலகையிலிருந்து குதித்தாலும், தண்ணீரைத் தொடும் வேகத்தினால் வரும் அழுத்தம் சுமார் பத்து மீட்டர் ஆழத்துக்குச் சமம். அறைந்தாற்போல் விழுந்தால் ஒரு கணத்துக்கு இன்னும் கூடும்.

"அப்படியானால் 30 மீட்டர் கடிகாரமே நீச்சலுக்குப் போதுமே! அது கூடாது என்று கடைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் ஏன் சொல்கிறார்கள்?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும்.

சாதாரணக் கடிகாரங்களுக்குச் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பார் 2010-இல் வெளியிட்ட விதி ஒன்று இருக்கிறது. அதன் எண் 22810. அதன்படி கடிகாரத்தைப் பத்து சென்டிமீட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு வைப்பார்கள். சாவித் திருகைப் பக்கவாட்டில் சுமார் அரைக் கிலோ பாரத்தால் அழுத்தியபடி பத்து நிமிஷம் நீரில் வைப்பார்கள். 40 டிகிரி நீரில் ஐந்து நிமிஷம், 20 டிகிரி நீரில் ஐந்து நிமிஷம், மறுபடி 40 டிகிரியில் ஐந்து நிமிஷம் என்று மாற்றி மாற்றி முக்குவார்கள். முதுகில் பொறித்த அழுத்தத்தைப் பத்து நிமிஷம் கொடுப்பார்கள். இத்தனைக்கும் தாங்கினால் தேர்ச்சி. ஆனால் செய்து முடித்த ஒவ்வொரு கடிகாரத்தையும் இப்படிச் சோதிக்க வேண்டும் என்று இந்த விதி கட்டாயப்படுத்தவில்லை. மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்த்தாலும் போதும். கடலுக்கடியில் முத்துக் குளிப்பவரைப்போல் மூழ்கி வேலை செய்கிறவர்களின் கடிகாரங்களுக்கு வேறு விதி, எண் 6425. அதில் ஒவ்வொரு கடிகாரத்தையும், பொறித்த எண்ணுக்குக் கால் பங்கு அதிகமான அழுத்தத்தில் சோதித்தே தீரவேண்டும்.

ஆகவே 30 மீட்டர் என்பது ஆழத்தின் அளவு அல்ல. புதிய கடிகாரம், சுத்தமான நீரில், பத்து நிமிஷம் தாங்கிய அழுத்தத்தின் அளவு. குளோரின் கலந்த குளத்து நீரோ, உப்புக் கடலோ, பங்குனி வெயிலோ, வருஷக்கணக்கான வியர்வையோ அந்தப் பரீட்சையில் வருவதில்லை. இவற்றுக்கெல்லாம் இடம் விட்டுத்தான் அனுபவஸ்தர்கள் ஒரு வரம்பு கட்டியிருக்கிறார்கள். எண்ணே இல்லாததும் 30 மீட்டரும் கை கழுவவும் தூறலில் நனையவும் போதும். குளத்தில் நீந்த 50 மீட்டராவது வேண்டும். கடலில் இறங்கவும் மேலிருந்து குதிக்கவும் 100 மீட்டர் வேண்டும். மூச்சுக் கருவியுடன் மூழ்குவதற்கு 200 மீட்டருடன் 'டைவர்ஸ்' என்ற சொல்லும் பொறித்திருக்க வேண்டும். முற்காலத்தில் தாராளமாகப் புழங்கிய 'வாட்டர்ப்ரூஃப்' என்ற சொல்லைக் கைவிட்டு, 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று கம்பெனிகள் அடக்கமாகப் போடுவதிலும் அர்த்தம் இருக்கிறது. நீர் புகவே புகாது என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. நீரை எதிர்த்து நிற்கும் என்றுதான் சொல்கிறார்கள். எவ்வளவு காலம் எதிர்த்து நிற்கும் என்பது அந்த ரப்பர் வளையத்தைப் பொறுத்தது.

குக்கர் சொல்லும் பாடம்

இந்த ரப்பர் வளைய விஷயம் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பிரஷர் குக்கரின் மூடியில் கேஸ்கெட் இருக்கிறதல்லவா? புதிதாக வாங்கியபோது மெத்தென்று இருக்கிறது. மூடி கச்சிதமாகப் பிடிக்கிறது. நாளாக ஆக ரப்பர் இறுகிப்போகிறது, ஓரத்தில் ஆவி கசிகிறது, விசில் வருவதில்லை. உடனே, "கேஸ்கெட் போய்விட்டது, வேறு வாங்கி வாருங்கள்" என்று உத்தரவு பிறக்கிறது. குக்கர் கம்பெனியார் அதன் அடியில் எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கிறார்களோ அது மாறவில்லை. ஆனால் விசில் வரவில்லை!

கடிகாரத்திலும் அப்படியே. பின்மூடியில் ஒரு வளையம், சாவித் திருகின் தண்டில் ஒரு வளையம், கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம், அமுக்கும் பொத்தான்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வளையம். ஆக மூன்று வாசல்களும் சில ஜன்னல்களும் உள்ள வீடு அது. ஒரு வாசல் திறந்திருந்தாலும் திருடன் வந்துவிடுவான். குக்கராவது ஆவி கசிந்தால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். கடிகாரத்தின் வளையம் இறுகிப்போனதை நமக்குச் சொல்ல எந்த விசிலும் இல்லை. முதல் அறிவிப்பே கண்ணாடிக்குள் புகை மூட்டந்தான். அப்போது காரியம் மிஞ்சிவிடுகிறது.

பேட்டரி மாற்றுவதற்காக மூடியைத் திறக்கும்போது, பல வருஷம் அழுந்தித் தட்டையான வளையம் இடம் பெயர்ந்துவிடும். மறுபடி மூடும்போது அது பழையபடி பொருந்துவது அபூர்வம். எங்கள் கடிகாரம் 2015 வெள்ளத்தில் பிழைத்ததற்கும், 2024-இல் குளத்தில் இறந்ததற்கும் காரணம் இதுதான். வெள்ளத்தின்போது அதற்கு வயது நாலு. பின்மூடியை யாரும் திறந்திருக்கவில்லை. அதன் பிறகு மூன்று தடவை திறந்து மூடினோம். நாங்களோ பழைய வெற்றியையே நம்பிக்கொண்டிருந்தோம்.

வெயிலும் ஒரு சதி செய்கிறது. மே மாதத்தில் குளக்கரைச் சிமெண்டில் கழற்றி வைத்த கடிகாரம் 50 டிகிரி வரையில் சூடாவது அதிசயமல்ல. அப்படியே அதைக் கட்டிக்கொண்டு 28 டிகிரித் தண்ணீரில் குதித்தால் உள்ளேயிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அதனால் உள்ளழுத்தம் நூற்றுக்கு ஏழு பங்கு குறையும். இது சுமார் 70 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சமம். கையை வீசி நீந்துவதால் வரும் அழுத்தத்தைவிட அதிகம். வளையம் இளைத்திருந்தால் கடிகாரம் தானே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

நம் நாட்டுக் கடிகாரங்கள்

ஒரு காலத்தில் நல்ல கைக்கடிகாரம் என்றால் ஸ்விட்ஸர்லாந்தை நினைக்க வேண்டியிருந்தது. 1961-இல் ஜப்பானிய ஸிட்டிஸன் கம்பெனியின் உதவியோடு பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை தோன்றி, சாவி கொடுக்கும் கடிகாரத்தைச் சாமானிய ஜனங்களின் கைக்குக் கொண்டுவந்தது. 2016-இல் அந்தக் கடிகாரப் பிரிவை மூடுவதென்று மத்திய சர்க்கார் முடிவு செய்தார்கள். ஆயினும் தகப்பனார் கொடுத்ததென்றும் மாமனார் போட்டதென்றும் அந்தக் கடிகாரங்களை இன்றும் பலர் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அத்தகைய பழைய கடிகாரம் உங்கள் வீட்டில் இருந்தால், முதுகில் என்ன போட்டிருந்தாலும் சரி, தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

1984-இல் டாட்டா நிறுவனத்தாரும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்தாரும் கூட்டாக டைட்டன் கம்பெனியை ஆரம்பித்து, நமது ஓசூரில் தொழிற்சாலை வைத்தார்கள். அங்கே தயாராகி 2002-இல் வெளிவந்த 'எட்ஜ்' கடிகாரம் தமிழ்நாட்டுக்குப் பெருமை தருவது. அதன் மொத்தக் கனமே 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் இயந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய உடம்புக்குள் வளையங்களுக்கும் இடம் செய்து 30 மீட்டர் நீர்த்தாங்கும் சக்தியையும் கொடுத்தார்கள் என்றால் அது சாமானியமான வேலையா? ஆனால் அந்தச் சாமர்த்தியத்தைக் குளத்தில் குதித்துப் பரீட்சை செய்வது நமக்கு அழகல்ல. 30 மீட்டர் மழைத் தூறலுக்கும் கை அலம்புவதற்குமே என்பதை மேலே பார்த்தோம்.

குதிக்குமுன் செய்ய வேண்டியது

முதலாவது, கண்ணால் பார்க்கும் பரீட்சை. முதுகில் உள்ள எண்ணைப் படியுங்கள். கண்ணாடியில் கீறலோ விளிம்பில் சில்லு பெயர்ந்ததோ உண்டா? சாவித் திருகு ஆடுகிறதா? மறையிட்டு மூடும் திருகாயிருந்தால் கடைசி வரை திருகியிருக்கிறதா? பின்மூடி ஒரு பக்கம் தூக்கியிருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்குக் கடிகாரத்தைக் கரையில் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, சொட்டு நீர்ப் பரீட்சை. இதுவும் மேற்சொன்ன சர்வதேச விதியில் உள்ளதுதான். அங்கே கடிகாரத்தை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடியின்மேல் குளிர்ந்த நீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் கழித்துத் துடைத்துப் பார்ப்பார்கள். நம் வீட்டில், வெயிலில் வைத்துக் கை பொறுக்கும்படி சூடான ஒரு தட்டின்மேல் கடிகாரத்தைப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். அடுப்பின் பக்கம் மட்டும் போகவேண்டாம். பிறகு மண்பானை ஜலத்தில் ஒரு சொட்டை நடுக்கண்ணாடியில் விடுங்கள். ஒரு நிமிஷம் கழித்துத் துடைத்தால், உள்ளே ஈரம் இருக்குமானால் அந்த இடத்தில் கண்ணாடியின் உட்புறம் மங்கித் தெரியும். இந்தப் பரீட்சை ஈரம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதா என்பதைத்தான் சொல்லும். நாளை வராது என்று சொல்லாது. "பாத்திரத்துத் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டுப் பார்த்தால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். பால் கெட்டிருக்கிறதா என்று பார்க்கப் பாயசத்தில் ஊற்றுவது போன்ற யோசனை அது!

மூன்றாவது பரீட்சைதான் நிச்சயமானது. அது கருவியினால் செய்வது. கம்பெனிகளின் பழுது நிலையங்களிலும், நல்ல கடிகாரக்காரர் சிலரிடமும் இரண்டு வகைக் கருவிகள் உண்டு. உலர் கருவியில் கடிகாரத்தை ஒரு சிறு அறையில் மூடிக் காற்றழுத்தம் கொடுப்பார்கள். அப்போது கடிகாரத்தின் உடல் கண்ணுக்குத் தெரியாத அளவு அமுங்கும். காற்று உள்ளே புகாவிட்டால் அமுங்கியபடியே இருக்கும். புகுந்தால் பழைய உருவத்துக்குத் திரும்பும். ஊசி போன்ற ஒரு உணர்கருவி அதைச் சொல்லிவிடும். ஈரக் கருவியில் பாதி அளவு தண்ணீர் இருக்கும். கடிகாரத்தைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டுக் காற்றழுத்தம் ஏற்றிச் சில நிமிஷம் வைப்பார்கள். பிறகு நீரில் இறக்கி அழுத்தத்தை மெள்ளக் குறைப்பார்கள். ஓட்டை இருந்தால் உள்ளே புகுந்த காற்று குமிழி குமிழியாக வெளிவரும். எந்த வாசலில் கசிவு என்பதையும் குமிழியே காட்டிக்கொடுக்கும். குமிழியைக் கண்டவுடன், நீர் உள்ளே போகுமுன், கடிகாரத்தை வெளியில் எடுத்துவிட வேண்டும்; ஆகவே கைதேர்ந்தவர்தான் இதைச் செய்யலாம்.

பேட்டரி மாற்றப் போகும்போதெல்லாம் மூன்று கேள்விகளை மறவாமல் கேளுங்கள். "வாஷர் புதிது போடுவீர்களா? அதற்கு ஸிலிகோன் மசகு தடவுவீர்களா? மூடிய பிறகு அழுத்தப் பரீட்சை செய்து, எத்தனை பார் தாங்கிற்று என்று சொல்வீர்களா?" மூன்றுக்கும் ஆம் என்று சொல்லாத கடையில் பேட்டரி போட்டுக்கொள்ளலாம், அந்தக் கடிகாரத்துடன் குளத்தில் இறங்கக் கூடாது. அடிக்கடி நீந்துகிறவர்கள் பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை இந்தப் பரீட்சையைச் செய்துகொள்வது நலம். இதற்கு ஆகும் செலவு, துருப்பிடித்த இயந்திரத்தை மாற்றும் செலவுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

பிள்ளைகள் கையில் இப்போது பெருகியிருக்கும் ஸ்மார்ட் கடிகாரங்களுக்கும் இது பொருந்தும். அவற்றில் பல 50 மீட்டர் என்று போட்டு வருகின்றன. ஆனால் பேசவும் கேட்கவும் அவற்றில் நுண்ணிய துவாரங்கள் உண்டு. அவற்றின் அடைப்பும் வயதாக ஆகத் தளரும். கீழே விழுந்து அடிபட்ட ஸ்மார்ட் கடிகாரத்தை நீருக்குள் கொண்டுபோகாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

குளத்திலும் கடலிலும்

தேறிய கடிகாரத்தையும் கண்டபடி நடத்தலாகாது. நீருக்குள் இருக்கும்போது சாவியை இழுப்பதும் பொத்தானை அமுக்குவதும் வாசலைத் திறந்துவிடுவதற்குச் சமானம். வெயிலில் காய்ந்த கடிகாரத்தை நிழலில் ஆறவிட்டுப் பிறகு இறங்குங்கள். வெந்நீர் ஸ்நானத்துக்கும் சோப்புக்கும் கடிகாரத்தைக் கொண்டுபோகாதீர்கள். ஆவியும் சோப்பும் ரப்பருக்குப் பகைவர்கள். குளத்திலிருந்தோ கடலிலிருந்தோ கரையேறியதும் குழாய் நீரில் அலம்பித் துடைத்துவிடுங்கள். உப்பு காய்ந்து திருகின் சந்தில் படிந்தால் அது வளையத்தை அரம்போல் அறுக்கும். தோல் வார் நீச்சலுக்கு ஆகவே ஆகாது.

இவ்வளவுக்கும் மிஞ்சி நீர் புகுந்துவிட்டால் அரிசிப் பானையில் புதைத்து வைத்துவிட்டு நாலு நாள் காத்திராதீர்கள். அரிசி வெளியீரத்தை வாங்கலாம். மூடிய கடிகாரத்துக்குள் போய் ஈரத்தை எடுக்க அதனால் முடியாது. அந்த நாலு நாளில் துரு தன் காரியத்தை முடித்துவிடும். அன்றைக்கே கடிகாரக்காரரிடம் கொண்டுபோய், மூடியைத் திறந்து, பேட்டரியை எடுத்து, உலர்த்தச் சொல்லுங்கள். கடல் நீரானால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம்.

துண்டில் முடிந்த கடிகாரம்

எங்கள் கடிகாரம் என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்பார்கள். இயந்திரம் போனது போனதுதான். பெரியவர் தேடிப் பிடித்து வேறு இயந்திரம் பொருத்திக் கொடுத்தார். டயலில் நாலாம் எண்ணுக்குப் பக்கத்தில் மிளகளவு ஒரு துருக் கறை இருக்கிறது. "அதையும் மாற்றிவிடலாமா?" என்று அவர் கேட்டபோது, "வேண்டாம், இருக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

பையனுக்குத்தான் மனம் ஆறவில்லை. தாத்தாவின் எதிரில் வந்து நிற்கவே கூச்சப்பட்டான். அப்பா அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"நான் உன் வயதில் ஊர்க் கிணற்றில் குதித்தவன்தான். எங்களில் ஒரு பையனிடம் மட்டும் கடிகாரம் இருந்தது. அவன் அதைக் கழற்றித் துண்டில் முடிந்து, துவைகல்லின்மேல் வைத்துவிட்டுத்தான் குதிப்பான். நாங்கள் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அதற்குக் காவல் இருப்போம். அந்தக் கடிகாரத்தின் முதுகில் ஒரு நம்பரும் இல்லை; அதனால் பிழைத்தது" என்றார்.

பிறகு கடிகாரத்தை அவன் கையில் மறுபடி கட்டினார்.

பெரியவர் அதைக் கருவியில் வைத்துச் சோதித்து, மூன்று பார் தாங்குகிறது, ஐந்துக்கு நான் பொறுப்பல்ல என்று சொல்லியிருக்கிறார். பையன் இப்போதும் வாரந்தோறும் நீந்தப் போகிறான். குளக்கரைக்குப் போனதும் கடிகாரத்தைக் கழற்றித் துவாலையில் முடிந்து நிழலில் வைக்கிறான். கூட வரும் பிள்ளைகள், "ஏண்டா, அது 50 மீட்டர் கடிகாரம் இல்லையா?" என்று கேட்கிறார்களாம். இவன் அவர்களைத் திருப்பிக் கேட்கிறானாம்: "உன் கடிகாரத்துக்கு வாஷர் எப்போது மாற்றினாய்?"

இதுவரையில் ஒருவனுக்கும் பதில் தெரியவில்லையாம். வாசகர்களே, உங்களுக்குத் தெரியுமா?